கரோலின் கீன் என்று ஒருவர் இல்லை

தொண்ணூறுகளில் எங்கள் ஊர் வாடகை நூலகத்தில், துப்பறியும் பெண் நான்சி ட்ரூவின் கதைப் புத்தகங்களுக்கென்றே ஒரு தட்டு இருந்தது. அட்டை கிழிந்து செலோ டேப் போட்டவை, கடைசிப் பக்கம் இல்லாதவை, ஒரே கதை வேறுவேறு அட்டையில் மூன்று. எல்லாவற்றிலும் எழுதியவர் பெயர் கரோலின் கீன். முதல் புத்தகம் 1930-இல் வந்தது என்று உள்ளே பார்த்துவிட்டு, "இந்தம்மா இன்னும் உயிரோடவா இருக்காங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கே தம்பி, இருக்கணும்ல" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கரோலின் கீன் பிறக்கவே இல்லை, அதனால் சாகவும் இல்லை. பக்கத்துத் தட்டில் ஹார்டி பாய்ஸ் எழுதிய ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்சனும் அப்படித்தான். டாம் ஸ்விஃப்ட் எழுதிய விக்டர் ஆப்பிள்டன், பாப்ஸி ட்வின்ஸ் எழுதிய லாரா லீ ஹோப் எல்லாரும் அதே ரகம். இவர்கள் அத்தனை பேருக்கும் முகவரி ஒன்றுதான். ஸ்ட்ராட்டமேயர் சிண்டிகேட் என்ற கம்பெனி.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதையோ சாகசக் கதையோ எழுத நினைப்பவர்கள் இந்தக் கம்பெனியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமாக இதை வாய்ப்பாட்டின் வெற்றி என்றுதான் சொல்வார்கள். ஒருவர் அச்சு செய்து கொடுத்தார், கூலிக்கு வந்தவர்கள் மாவை வைத்துப் பிழிந்தார்கள் என்பதுபோல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலிக்கு எழுதியவர்கள் சொன்ன பேச்சு கேட்காத இடங்களில்தான் அந்தப் புத்தகங்களுக்கு உயிர் வந்தது என்று நினைக்கிறேன்.

கம்பெனி நடந்த விதம்

எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் 1862-இல் நியூ ஜெர்ஸி மாநிலத்தின் எலிசபெத் என்ற ஊரில் பிறந்தவர். புகையிலைக் கடையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதத்தில் எழுதிய கதையை பிலடெல்பியாவின் சிறுவர் வார இதழ் ஒன்று 75 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 1898-இல் மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கப்பற்படை ஜெயித்த செய்தி சூடாக இருக்கும்போதே அதைப் பையன்கள் கதையாக்கி வெளியிட்டார், விற்றுத் தீர்ந்தது. மறுவருடம் ரோவர் பாய்ஸ் தொடரை ஆரம்பித்தார். தலையில் இருந்த கதைகளுக்கு ஒரு கை போதவில்லை. 1905-ஐ ஒட்டி சிண்டிகேட் உருவானது.

வேலை நடந்தது இப்படி. ஸ்ட்ராட்டமேயர் இரண்டு மூன்று பக்கத்தில் கதைச்சுருக்கம் எழுதுவார். பாத்திரங்கள், திருப்பங்கள், முடிவு எல்லாம் அதிலேயே இருக்கும். விளம்பரம் பார்த்து வந்த பத்திரிகைக்காரர் யாராவது அதை இருநூறு பக்க நாவலாக்கித் தருவார். கையில் ஒரே தொகை. ராயல்டி கிடையாது. எழுதியதன் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை, அந்தப் புனைபெயரை வேறெங்கும் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். கோஸ்ட் ரைட்டர் என்று இன்று சொல்கிறோமே, அந்த வேலைதான். எழுதியவர் போனாலும் புனைபெயர் கம்பெனியிடமே தங்கிவிடும். அதில் அடுத்தவர் எழுதுவார், வாசகனுக்கு எதுவும் தெரியாது.

விலையிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். சிறுவர் நாவல் ஒரு டாலரும் அதற்கு மேலும் விற்ற காலத்தில், 1906-இல் மோட்டார் பாய்ஸ் தொடரைக் கெட்டி அட்டையோடு 50 சென்ட்டுக்கு இறக்கினார். லாபம் குறைவு, எண்ணிக்கை அதிகம். முக்கியமாக, அது ஒரு பையன் அப்பாவிடம் கேட்காமல் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கக்கூடிய காசு. புதுத் தொடர் ஆரம்பித்தால் முதலில் மூன்று புத்தகங்களை ஒரே நேரத்தில் வெளியிட்டுப் பார்ப்பார்கள். மூன்றும் ஓடினால்தான் நாலாவது.

இது எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. அமெரிக்க சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மேத்யூஸ் 1914-இல் இந்த மலிவுத் தொடர்களைத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். இவை பையன்களின் மூளையைச் சிதறடிக்கின்றன என்பதுதான் தலைப்பே. பல பொது நூலகங்கள் இந்தப் புத்தகங்களை வாங்க மறுத்தன. பிள்ளைகள் கடையில் வாங்கி, கைமாற்றிக்கொண்டு படித்தார்கள்.

வாய்ப்பாட்டையும் மட்டமாகப் பேசிவிட முடியாது, அதில் நிஜமான கைத்தொழில் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் படுக்கப் போகும் பிள்ளையை இன்னும் பத்து நிமிஷம் விழித்திருக்க வைக்கிற இடத்தில் முடியும். கொலையைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, காணாமல் போன உயில், ஒளித்துவைத்த நகை, கள்ள நோட்டு, கடத்தல் என்று போவார்கள். இரண்டாவது அத்தியாயத்துக்குள் எங்காவது முந்தைய புத்தகங்களின் பெயர்கள் வந்துவிடும். சின்ன வயதில் அதை ஞாபகமூட்டல் என்று நினைத்தேன், உண்மையில் அது விளம்பரம். பாத்திரங்களுக்கு வயது ஏறக்கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ரோவர் பாய்ஸ் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளை வைத்து 1917-இல் இரண்டாம் வரிசை தொடங்க வேண்டியதாயிற்று. அப்புறம் வந்த நாயகர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

டாம் ஸ்விஃப்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் டேசர் மின்துப்பாக்கியின் பெயர் 1911-இல் வந்த டாம் ஸ்விஃப்ட் கதையில் இருக்கும் மின்சாரத் துப்பாக்கியிலிருந்து எடுத்தது. அதைக் கண்டுபிடித்தவர் சின்ன வயதில் படித்த புத்தகம் அது.

பேபோர்ட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும்

லெஸ்லி மெக்ஃபார்லேன் கனடாக்காரர். 1926-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நிருபராக இருந்தபோது விளம்பரம் பார்த்து சிண்டிகேட்டுக்கு எழுதினார். முதலில் டேவ் ஃபியர்லெஸ் என்ற கடற்சாகசத் தொடர் கிடைத்தது. அதைக் கடனே என்று எழுதித் தள்ளினார். அடுத்து, துப்பறிவாளரின் மகன்களான ஃபிராங்க், ஜோ இருவரைப் பற்றிய புதுத் தொடரின் சுருக்கம் வந்தது. அதுதான் ஹார்டி பாய்ஸ். ஒரு புத்தகத்துக்கு 125 டாலர். நன்றாக எழுதினாலும் அதே காசு, மோசமாக எழுதினாலும் அதே காசு. இருந்தும் இந்தப் பையன்களுக்குக் கொஞ்சம் மெனக்கெடலாம் என்று முடிவு செய்ததாக 1976-இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார்.

மெனக்கெட்டது எதில் என்பதுதான் சுவாரஸ்யம். சுருக்கத்தில் சாப்பாடு இருக்காது. இவர் வளர்கிற பையன்களின் பசியை நினைவில் வைத்துக்கொண்டு விருந்து விருந்தாக எழுதினார். சுருக்கத்தில் நகைச்சுவையும் இருக்காது. இவர் கதை நடக்கும் பேபோர்ட் ஊரின் காவல்துறைத் தலைவர் காலிக்கையும் துப்பறிவாளர் ஸ்மஃபையும் கோமாளிகளாக ஆக்கினார். இரண்டு பள்ளிப் பையன்கள் கண்டுபிடிப்பதை இவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் வேறெப்படி இருப்பார்கள்? சட்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு மரியாதை குறையும் என்று சிண்டிகேட்டிலிருந்து கண்டிப்பு வந்தது. அதற்கெல்லாம் அவர் பெரிதாக அசைந்துவிடவில்லை.

1927-இல் முதல் மூன்று புத்தகங்கள் வந்தன. நாற்பதுகளின் நடுப்பகுதிவரை மெக்ஃபார்லேன் சுமார் இருபது புத்தகங்கள் எழுதினார். பொருளாதார மந்தத்தில் கூலி 75 டாலருக்கு இறங்கியபோதும் எழுதினார், வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. பிற்பாடு திரைப்பட இயக்குநரானார். அவருடைய குறும்படம் ஒன்று ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கம்பெனி தன்னை ஏமாற்றியதாக அவர் புலம்பவில்லை. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்பது அவர் நிலை. எனக்கு அந்த நிதானம் வந்திருக்காது.

இரண்டு நான்சிகள்

ஹார்டி பாய்ஸ் ஓடியதும் பெண் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஸ்ட்ராட்டமேயர் நினைத்தார். கிராசெட் அண்ட் டன்லப் பதிப்பகத்துக்கு ஸ்டெல்லா ஸ்ட்ராங், டயானா டேர், நான் ட்ரூ என்று சில பெயர்களை அனுப்பினார். நான் ட்ரூவைப் பதிப்பகம் நான்சி ட்ரூ ஆக்கியது. எழுதும் வேலை மில்ட்ரெட் அகஸ்டின் விர்ட் என்ற 24 வயதுப் பெண்ணுக்குப் போனது. அயோவா மாநிலத்தின் லடோரா என்ற சிற்றூர்க்காரர், அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் ஆள். மறுமணத்துக்குப் பிறகு பென்சன் என்ற பெயரோடு அறியப்பட்டவர், இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

1930 ஏப்ரல் 28-இல் முதல் மூன்று நான்சி ட்ரூ புத்தகங்களும் வெளிவந்தன. அடுத்த 12 நாளில், மே 10-இல் ஸ்ட்ராட்டமேயர் இறந்துபோனார். தன் கம்பெனியின் மிகப் பெரிய வெற்றியை அவர் பார்க்கவில்லை. நான்சியின் துடுக்கைப் படித்துவிட்டு, இது எடுபடாது என்று அவர் சலித்துக்கொண்டதாக பென்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

துடுக்குதான். 1930-இன் நான்சிக்கு வயது 16. நீல ரோட்ஸ்டர் காரைத் தானே ஓட்டுவாள், டயர் வெடித்தால் தானே மாற்றுவாள். பெரியவர்களிடம் முகத்துக்கு நேராகப் பேசுவாள். அம்மா இல்லை. வக்கீல் அப்பா எதற்கும் குறுக்கே நிற்பதில்லை. வீட்டு வேலை பார்க்கும் ஹன்னாவுக்கு அவளே உத்தரவு போடுவாள். மந்த காலத்தில், சொந்தமாகக் காசில்லாத ஒரு சிறுமிக்கு இந்தப் பெண் எப்படித் தெரிந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் மூன்று பெண் நீதிபதிகளும், ஓ'கானர், கின்ஸ்பர்க், சோட்டோமேயர், சிறுவயதில் நான்சி ட்ரூ படித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை மகள்கள் ஹாரியட்டும் எட்னாவும் எடுத்துக்கொண்டார்கள். எட்னா சில வருடங்களில் ஒதுங்கிவிட, ஹாரியட் ஆடம்ஸ் அரை நூற்றாண்டு நடத்தினார். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1930-இல் ஒரு பெண் கம்பெனி நடத்துவது சாதாரணமில்லை, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கூலியை 75 டாலராகக் குறைத்தபோது பென்சன் எழுத மறுத்தார். 8, 9, 10-ஆம் புத்தகங்களை வால்டர் காரிக் என்பவர் எழுதினார். பிறகு பென்சன் திரும்பி வந்தார். முதல் 30 புத்தகங்களில் 23 அவருடையவை, கடைசியாக எழுதியது 1953-இல். அதற்குப் பிறகு ஹாரியட்டே எழுத ஆரம்பித்தார். தான்தான் கரோலின் கீன் என்று பேட்டிகளிலும் சொல்லலானார்.

1959-இல் பழைய புத்தகங்களைத் திருத்தும் வேலை தொடங்கியது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கறுப்பினத்தவர், யூதர், குடியேறிகள் பற்றிய பழைய சித்திரிப்புகள் இனி தாங்காது. பெற்றோர்கள் எழுதிக் கேட்டார்கள், பதிப்பகமும் நெருக்கியது. இன்னொன்று காசு. 25 அத்தியாயத்தை 20 ஆக்கினால் காகிதமும் அச்சும் மிச்சம். ஹார்டி பாய்ஸில் முதல் 38, நான்சி ட்ரூவில் முதல் 34 என்று எழுபதுகள்வரை வேலை நீண்டது. சில புத்தகங்களில் தலைப்பு மட்டும்தான் பழசு, உள்ளே கதையே வேறு.

இன வெறுப்பை நீக்கிய முறையையும் பார்க்க வேண்டும். முதல் நான்சி ட்ரூ கதையில் ஏரிக்கரை வீட்டுக் காவலாளி ஜெஃப் டக்கர் கறுப்பினத்தவர், குடிகாரராகக் கேலியாகக் காட்டப்பட்டவர். திருத்தத்தில் அவர் வெள்ளைக்காரராகிவிட்டார். கேலி போனது, கூடவே கறுப்பினத்தவரும் போய்விட்டார். வேறு புத்தகங்களிலும் இப்படித்தான் நடந்தது. ஒரு மனிதரை ஒழுங்காக எழுதுவதற்குப் பதிலாக ஆளையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு பதிப்புகளின் முதல் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் மற்றது புரியும். 1927-இன் முதல் ஹார்டி பாய்ஸ் கதை தொடங்கும்போது அண்ணனும் தம்பியும் மோட்டார் சைக்கிளில் கடலோரச் சாலையில் போய்க்கொண்டே அப்பாவைப் போலத் துப்பறிவாளர் ஆவதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவரை ஒருவர் சீண்டுகிறார்கள். 1959 பதிப்பில் முதல் வாக்கியத்திலேயே எதிரே ஒரு கார் தாறுமாறாகப் பாய்ந்து வருகிறது. நான்சி ட்ரூவும் அப்படியே. 1930-இல் அப்பாவும் மகளும் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குப் போகவிருக்கும் சொத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளுவதில் கதை ஆரம்பிக்கிறது. 1959-இல் 18 வயதான, அழகான நான்சி அப்பாவின் சட்டக் காகிதங்களைக் கொண்டு சேர்த்துவிட்டு வீடு திரும்புகிறாள், வழியில் ஒரு குழந்தை ஆபத்தில் மாட்டுகிறது. ஹன்னா அம்மா மாதிரி ஆகிவிடுகிறாள். நான்சி தாயை இழந்த வயதுகூட பத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. தாயின் நினைவு அவளைத் தொந்தரவு செய்யாதபடி பார்த்துக்கொண்டார்கள்போல.

பதினொரு வயது அக்கா மகளுக்கு ஹார்டி பாய்ஸின் இரண்டு தொடக்கங்களையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பழையதுதான் பிடிக்கும் என்று நம்பிக்கையோடு இருந்தேன். "மாமா, அந்தக் கார் வர்றதையே சொல்லுங்க" என்றாள். சரி, முதல் பக்கத்தில் ஹாரியட்டுக்கு வெற்றி. ஆனால் மறுநாள் அவள் கேட்டது காரைப் பற்றியல்ல. "அந்தப் பசங்க சண்டை போட்டுக்கிட்டே போவாங்களே, அவங்க அப்பா அவங்களைச் சேத்துக்கிட்டாரா?" என்றாள். ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். என் ஊகம் மட்டும் உறுதிப்பட்டது. கார் பக்கத்தைப் புரட்ட வைக்கும், சீண்டல் பேச்சு ஆளை ஞாபகம் வைக்கும். திருத்தியவர்கள் முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதை வெட்டினார்கள்.

நீதிமன்றத்தில்

1979-இல் சிண்டிகேட் தன் புதிய புத்தகங்களை பேப்பர்பேக்கில் வெளியிட சைமன் அண்ட் ஷூஸ்டருக்குப் போனது. அரை நூற்றாண்டாக அச்சிட்டு வந்த கிராசெட் சும்மா இருக்குமா, சைமன் அண்ட் ஷூஸ்டரின் தாய் நிறுவனமான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் மீது வழக்குப் போட்டது. 1980-இல் நியூயார்க்கில் விசாரணை. கிராசெட் தன் சாட்சியாகக் கூட்டி வந்தவர்களில் ஒருவர் மில்ட்ரெட் பென்சன்.

அவருக்கு அப்போது 74 வயது. டொலிடோ நகரில் பத்திரிகையாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார், விமானம் ஓட்டும் உரிமமும் வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஹாரியட், "நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்றதாகச் சொல்வார்கள். கம்பெனியின் பழைய கடிதங்களும் ஒப்பந்தங்களும் கையெழுத்துப் போட்ட ரசீதுகளும் சான்றுகளாக வந்தன. ஐம்பது வருட ரகசியம் அத்தோடு போனது. தன் நான்சியும் திருமதி ஆடம்ஸின் நான்சியும் ஒன்றல்ல என்று பென்சன் சாட்சியம் சொன்னார். ஆடம்ஸ் பண்பட்ட, நாசூக்கான பெண்மணி, தானோ பிழைப்புக்காக அலைந்த முரட்டுப் பத்திரிகைக்காரி, ஆகவே இருவரும் எழுதிய பெண் எப்படி ஒரே பெண்ணாக இருப்பாள் என்பது அவர் பேச்சின் சாரம். இலக்கிய விமர்சகர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதியதை சாட்சிக் கூண்டில் நின்று அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

தீர்ப்பு வியாபாரத்தைப் பற்றியது. ஏற்கெனவே வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் கிராசெட்டுக்கு, புதியவற்றை சிண்டிகேட் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கரோலின் கீன் யார் என்று நீதிமன்றத்திடம் யாரும் கேட்கவில்லை. ஹாரியட் 1982-இல் இறந்தார். 1984-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் சிண்டிகேட்டையே விலைக்கு வாங்கியது. பென்சனை 1993-இல் அயோவா பல்கலைக்கழகம் ஒரு நான்சி ட்ரூ மாநாடு நடத்திக் கௌரவித்தது. 130-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியிருந்த அவர் 2002 மே மாதம் 96 வயதில் தன் பத்திரிகைப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி, அன்று மாலையே காலமானார். நான்சி ட்ரூ புத்தகங்களுக்காக ஒரு சென்ட்கூட ராயல்டி வாங்கியதில்லை.

தமிழ்நாட்டில் ஓர் எழுத்தாளரின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கினால் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் புத்தகம் 95 வருடம் ஓடி முடிந்ததும் தானாகப் பொதுவுக்கு வந்துவிடும், யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் முதல் மூன்று ஹார்டி பாய்ஸ் 2023 ஜனவரி 1-இலும், முதல் நான்கு நான்சி ட்ரூ 2026 ஜனவரி 1-இலும் பொதுச் சொத்தாகிவிட்டன. ஆனால் அப்படி வந்திருப்பவை திருத்துவதற்கு முந்தைய பிரதிகள் மட்டுமே. 1959-இல் ஹாரியட் திருத்திய நான்சி இன்னும் பதிப்புரிமைக்குள்தான் இருக்கிறாள். அங்கே இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய, மொழிபெயர்க்கக்கூடிய நான்சி, ஜெஃப் டக்கரைக் கேலி செய்யும் பக்கங்களோடும், ரோட்ஸ்டரோடும், துடுக்கு வாயோடும் வரும் அந்தப் பதினாறு வயதுப் பெண்.